பைபையில் பேக்கேஜ்கள் உடைவது ஏன்? சி ஏபிஐயின் முப்பதாண்டுத் தடம்

வேகத்தை நாடி, பைத்தானின் வழக்கமான இண்டர்பிரட்டரான சிபைத்தானிலிருந்து மாற்று இண்டர்பிரட்டரான பைபைக்கு மாறுகிறவர் பெரும்பாலும் முதலில் முட்டிக்கொள்வது பேக்கேஜ் நிறுவும் இடத்தில்தான். கம்பைலர் பக்கம் பக்கமாகப் பிழைகளைக் கொட்டும். பழி பைபையின்மேல் விழும். அந்தப் பிழைகளின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. சிபைத்தானின் உள்ளமைப்பு காலப்போக்கில் எழுதப்படாத பொதுவிதியாக இறுகிப்போனதே அவற்றுக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1991இல் கிடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான், சி மொழியில் எழுதப்பட்டது. கடினமான கணக்குகளைச் சியில் எழுதி அதனுடன் இணைக்கும் வழியும், அதாவது சி ஏபிஐயும், திறந்திருந்தது. அவ்வழியே 1990களின் நடுவில் ஜிம் ஹுகுனின் உருவாக்கியதுதான் எண்கணித நூலகமான நம்பையின் முன்னோடி நியூமெரிக். அவரே 1997இல் ஜாவாவில் ஓடும் ஜேபைத்தானைப் படைத்தார். சிபைத்தானுக்காகச் சியில் எழுதிய நீட்சிகளை அதில் அப்படியே ஏற்ற வழியில்லை. மொழி வேறு, அதன் இண்டர்பிரட்டர் வேறு என்பது அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

பைபை திட்டம் 2003இல் தொடங்கியது. ஆர்மின் ரிகோ உள்ளிட்ட அதன் ஆசிரியர்கள் பைத்தானின் கட்டுப்படுத்தப்பட்ட வடிவமான ஆர்பைத்தானிலேயே இண்டர்பிரட்டரை எழுதினார்கள். சிபைத்தான் ஒவ்வொரு பொருளிலும் அதை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். பொருளின் முகவரி மாறாது. பைபையின் கார்பேஜ் கலெக்டரோ பொருள்களை நினைவகத்தில் இடம்பெயர்க்கும். முழு எண்கள் மட்டுமே உள்ள லிஸ்ட்டைத் தனித்தனிப் பொருள்களாக வைக்காமல் வெறும் எண் வரிசையாகவே சேமிக்கும்.

2010இல் வந்த பைபை 1.3, சிபிஎக்ஸ்ட் என்ற அடுக்கைச் சோதனை நிலையில் சேர்த்தது. சி நிரலுக்குள் நுழையும் ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான முகவரியில் ஒரு நிழல் பொருளை இது உருவாக்கி, இரண்டையும் இணைத்தே வைத்திருக்கும். எண் வரிசையாகக் கிடக்கும் லிஸ்ட்டிலிருந்து சி நிரல் ஓர் உறுப்பைக் கேட்டால், அதுவரை இல்லாத பொருளை அந்த இடத்திலேயே படைத்துக் கொடுத்தாக வேண்டும். பேக்கேஜ் ஓடினாலும் வேகம் குறைவதற்கு இதுவே காரணம்.

இந்த வரலாறு தெரிந்தவருக்குப் பிழை எந்தக் கட்டத்தில் எழுகிறது என்பதே துப்பு.

முதல் கட்டம் பதிவிறக்கம். முன்கூட்டியே கம்பைல் செய்து தரப்படும் பேக்கேஜான வீல் கோப்பின் பெயரில் சிபைத்தானுக்கு 'சிபி' என்றும் பைபைக்கு 'பிபி' என்றும் அடையாளம் இருக்கும். பொருந்தும் வீல் இல்லையென்றால் நிறுவும் கருவியான பிப் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யத் தொடங்கும். 2009இல் முன்மொழியப்பட்ட 'ஏபிஐ3' என்ற நிலையான இடைமுகத்துக்கான வீல்களையும் பைபை ஏற்பதில்லை. இரண்டாவது கட்டம் கம்பைலிங். ஸ்ட்ரக்ட்டில் குறிப்பிட்ட உறுப்பு இல்லை என்ற பிழை வந்தால், பேக்கேஜ் சிபைத்தானின் உள்ளறையை நேரடியாகத் தொடுகிறது என்று பொருள். 'பைபை_வெர்ஷன்' மேக்ரோவைச் சோதித்து மாற்றுவழி எழுத வேண்டும். பைத்தான் பாணி நிரலைச் சியாக மாற்றும் சைத்தான் உருவாக்கிய பழைய சி கோப்பாக இருந்தால், புதிய சைத்தானால் அதை மறுபடி உருவாக்கிப் பார்ப்பது நல்லது. மூன்றாவது, இம்போர்ட் செய்யும்போது வரும் 'அன்டிஃபைன்ட் சிம்பல்'. ஹெடரில் தடை இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டாலும், சிபிஎக்ஸ்ட் இன்னும் எழுதாத ஒரு ஃபங்ஷனை நிரல் அழைக்கிறது.

பேக்கேஜ் ஆசிரியர்கள் தேடிய தீர்வுகளும் இதே பாதையில் வளர்ந்தவை. சி ஏபிஐயைத் தொடாமல் சி நூலகங்களை அழைக்க 2012இல் சிஎஃப்எஃப்ஐ வந்தது. கிரிப்டோகிராஃபி பேக்கேஜ் அதையே அடித்தளமாகக் கொண்டது. போஸ்ட்கிரஸ் இணைப்புக்கான சைக்கோபிஜி2வுக்குச் சிஎஃப்எஃப்ஐ வடிவம் உருவானது. 2017இல் பைபை 5.9 வெளியானபோது நம்பையும் பாண்டாஸும் சிபிஎக்ஸ்ட் வழியாகவே இயங்கின. உள்ளமைப்பை மறைத்து ஹேண்டில்களை மட்டும் தரும் எச்பை என்ற புதிய இடைமுகத்தின் வேலை 2019இல் தொடங்கியது. வீல்களைத் தானியங்கியாகத் தயாரிக்கும் சிஐபில்ட்வீல் 2025இல் வந்த தன் 3.0 பதிப்பில் பைபையைத் தானாகச் சேர்ப்பதை நிறுத்தியது. ஆசிரியர் அமைப்புக் கோப்பில் கேட்டால்தான் இனி பைபைக்கான வீல் உருவாகும். கேட்காத பேக்கேஜைப் பைபை பயனர் மூலநிரலிலிருந்து தாமே கட்ட வேண்டியிருக்கும்.