நல்லவன் இருந்த பக்கம்

‘ஆளு நல்ல ஆளுதான், சேர்மானந்தான் சரியில்ல’ என்பது தென்காசிப் பக்கத்தில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. இதற்குள் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன: ஆளுக்கு ஒன்று, அவன் இருக்கும் கூட்டத்துக்கு ஒன்று. முதல் தீர்ப்பு இரண்டாவதிலிருந்து அவனைக் காப்பாற்றிவிடுகிறது. கெட்ட கூட்டத்தில் இருக்கும் நல்லவனின் நல்லதனம் யாருக்குப் பயன்படுகிறது என்பதே என் கேள்வி.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தைப் பேசி நடத்தும் விளையாட்டு. முதலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே சார்புகள். பிறகு நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்களாயின. நன்மைக் கட்டத்தைச் சேர்ந்த பாத்திரம் தீமையின் கூட்டத்தோடு பயணம் போகலாமா என்பது அதை ஆடுபவர்களிடையே ஓயாத தகராறு. தகராறு முற்றினால் சொல்லப்படும் சமாதானம் ஒன்றுண்டு: ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்.’ பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததே தான்தான் என்பதை இந்தச் சமாதானம் மறைத்துவிடுகிறது.

நம் மரபில் இந்த இடத்தில் நிற்பவன் கும்பகர்ணன். அவனை அங்கே நிறுத்தியிருப்பது செஞ்சோற்றுக்கடன். புரந்தவன் கண்ணீர் விடும்படி சாவது இரந்தாவது பெறத்தக்கது என்று குறளின் படைச்செருக்கு அதிகாரமே சொல்கிறது. புரப்பவன் எப்படிப்பட்டவன் என்று அது கேட்பதில்லை. இது வெறும் கற்பனை அறமன்று. சோறு போடுபவனுக்கும் உண்பவனுக்கும் இடையே இருந்த உண்மையான உறவின் கருத்துருவம். சொக்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி என்று பாளையங்கள் சூழ்ந்திருந்த இந்தப் பகுதியில், நெல்லும் நிலமும் பெற்றுக் காவல் செய்தவர்களுக்கு இந்த அறத்தை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

கும்பகர்ணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கும் இடத்தைக் கம்பன் வான்மீகியில் காணாத அளவுக்கு விரிக்கிறான். இராமன் பக்கம் வந்துவிடு என்று தம்பி அழைக்கிறான். நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிர் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான் அண்ணன். இந்தக் காட்சியைப் படித்துக் கண் கலங்காதவர்கள் குறைவு.

குற்றாலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் (1882-1954) வட்டத்தொட்டி முதலில் நெல்லை வண்ணார்பேட்டையிலும் பின்னர் குற்றாலத்திலும் கூடியது. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். புலவர்களின் பதவுரைக்குள் கிடந்த கம்பனைக் காதால் கேட்கும் கவிஞனாக மீட்டது டி.கே.சி.யின் பெரிய சாதனை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரசனை முறை பாட்டின் உணர்ச்சிக்குள் கேட்பவனை உட்கார வைத்துவிடுகிறது. கும்பகர்ணனின் குரலை நாம் ஏற்றதும் அவனுடைய நியாயமும் நம்முடையதாகிவிடுகிறது. அங்கிருந்து எழுந்து கேள்வி கேட்க அது வழி வைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்கள் வேறொரு கோடியில் இருந்தார்கள். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிப்பது பற்றி அண்ணா சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் நடத்தினார். புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946இல் வெளிவந்தது. 1948இல் தடை செய்யப்பட்டு 1971இல் விடுவிக்கப்பட்டது. வைணவம் சரணாகதிக்கு உதாரணமாக்கிய வீடணன் திராவிட இயக்க மேடைகளில் துரோகியின் மறுபெயரானான். ஆனால் கவனியுங்கள்: பிரிந்து போனவனைப் பற்றித்தான் இரு தரப்புக்கும் சண்டை. தங்கிச் செத்தவனைப் பற்றிச் சண்டையே இல்லை. பக்தருக்கும் அவன் நல்லவன், பகுத்தறிவாளருக்கும் அவன் மானமுள்ளவன். 1964இல் ‘கர்ணன்’ படம் வந்தபோது இதே கண்ணீர் இன்னொருவனுக்காகத் திரையரங்குகளில் வழிந்தது. எல்லா அதிகாரத்துக்கும் தேவைப்படுகிற ஆள் இவன். தப்பு தெரிந்தவன், ஆனால் விட்டுப் போகாதவன்.

பிரதி இதைவிடக் கறாரானது. அனுமன் இலங்கையை எரித்த பிறகு கூடும் மந்திராலோசனையைப் பாருங்கள். பிறன் மனைவியைச் சிறையில் வைத்துக்கொண்டு மானம் பேசுகிறோமே என்று அண்ணனை நேருக்கு நேர் இடித்துரைப்பவன் கும்பகர்ணன்தான். சரி, அடுத்து என்ன சொல்கிறான்? இப்போது அவளை விட்டால் நாம் எளியவர்கள் ஆகிவிடுவோம். போரிட்டுச் செத்தாலும் பழியில்லை. அவர்கள் வருமுன் கடல் தாண்டிப் போய் வேரோடு அழிப்பதே காரியம் என்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் குற்றத்தின் பலனைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. கூட்டத்தின் மானம் ஒருத்தியின் சிறையைவிடப் பெரிதாகிவிட்டது. பின்னால் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டபோது, சானகியின் துயர் இன்னும் தீரவில்லையா என்று கேட்கிறான். அவளை விட்டுவிடச் சொல்கிறான். இராவணன் சீறியதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு களத்துக்குப் புறப்பட்டுவிடுகிறான். அவன் நல்லதனம் முழுவதும் பேச்சாகவும் அவன் பலம் முழுவதும் இராவணனுக்காகவும் செலவாகிறது. சாகும்போது இராமனிடம் வைக்கும் வேண்டுதல்கள் இரண்டு: தம்பியைக் காப்பாற்று, மூக்கறுந்த என் முகம் யார் கண்ணிலும் படாமல் தலையைக் கடலில் போடு. இரண்டிலும் சீதை இல்லை.

இந்த மௌனத்தை வாசிக்க நம் மண்ணிலேயே ஒரு கலை இருக்கிறது. நெல்லை, குமரிப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே கலைஞர்தான் இராவணனாக, கும்பகர்ணனாக, வீடணனாக, சீதையாகப் பேசுகிறார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையில் புகுந்து பெரிய மனுசங்க காரியத்தையெல்லாம் கேலி பண்ணுகிறார்கள். எந்த ஒரு குரலும் நிரந்தரமாக நம்மைச் சிறைப்பிடிக்க அங்கே வழியில்லை. கும்பகர்ணனுக்காக அழுத தொண்டையிலிருந்தே சீதையின் அழுகையும் வருகிறது.

வீடணன் போனது மட்டும் சுத்தமான காரியமா என்று கேட்கலாம். அவனுக்கு இலங்கை அரசு கிடைத்தது, வாஸ்தவம்தான். ஆனால் பிரிந்து போனவனிடம் மட்டும் கணக்குக் கேட்டு, தங்கியவனுக்குக் கண்ணீர் வடித்தே பழகிவிட்டோம். கட்சியில், சாதிச் சங்கத்தில், கல்லூரி நிர்வாகத்தில் ‘உள்ளே இருந்துகொண்டே சொல்கிறேன்’ என்கிற நல்லவர்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு அடுத்து, யார் பெயருக்குப் போரிட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அசோகவனத்தில் இருப்பவள் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்.