கலையும் களையும் கழையும்

பங்சார் என்றதும் இன்று மாடிக் கட்டடங்களும் கடைத்தெருவும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற பெல்ஜியத்துக்காரர் இருவரின் பெயர் சேர்ந்தே பங்சார் ஆயிற்று என்பார்கள். பிற்காலத்தில் அந்தப் பக்கத்தில் அங்காசாபுரி வானொலி மாளிகை எழுந்தது. அருகே பந்தாய்ப் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தமிழ் நூல்களைப் பற்றியும், நூலைத் தேடித் தரும் பட்டியலைப் பற்றியும், நூலகர்களின் சங்கத்தைப் பற்றியும் இன்று பேசுவோம். பட்டியலில் நமக்கென்ன வேலை என்று கேட்கலாம். அந்த நூல்களில் நம் தோட்டத்து வெள்ளி இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகம் முதலில் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அதில் தமிழுக்கு இடமா, சமஸ்கிருதத்துக்கா என்ற வழக்கு எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. துறைக்குத் தமிழ் நூலகம் வேண்டும் என்பது நோக்கம். செல்வர் சிலரிடம் பெருந்தொகை கேட்டு வாங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பால்மரம் சீவியவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது, தமிழும் நிலைத்தது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது.

ஏறக்குறைய அதே வேளையில், 1955இல், நூலகர்களும் ஒரு சங்கம் கண்டார்கள். 'மலாயா நூலகக் குழு' என்பது அதன் முதற்பெயர். பிறகு சிங்கப்பூருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று பிரிந்தது. நம்முடையது இன்று 'பெர்சத்துவான் புஸ்தகாவான் மலேசியா'. நம் புத்தகம் என்ற சொல்லே அங்கே மலாய் உடுத்து நிற்பதைக் கவனியுங்கள். பொது நூலகங்கள் நாடெங்கும் எப்படி அமையவேண்டும் என்று ஹெட்விக் அன்வார் அம்மையார் வரைந்த திட்டத்தை 1968இல் வெளியிட்டது இந்தச் சங்கம்தான். தேசிய நூலகச் சட்டம் 1972இல் வந்தது.

இத்தகைய சங்கம் தமிழருக்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனும் நண்பர்களும் 1928இலேயே சென்னை நூலகச் சங்கத்தை அமைத்தார்கள். 1931இல் மன்னார்குடி வட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் போயின. அன்றைக்கு அதுவே புதிய இயந்திரம்!

இனிப் பட்டியலுக்கு வருவோம். தோட்டத்தில் கிராணியாரின் செக்ரோலில் பெயர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. நூலகத்திலும் அப்படித்தான். பட்டியலில் ஏறாத நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததே. முன்பு ஒவ்வொரு நூலுக்கும் அட்டை தட்டெழுதி இழுப்பறையில் அடுக்கினார்கள். ஒரே நூலுக்குப் பத்து நூலகங்கள் பத்து முறை அதே வேலையைச் செய்தன. இந்த வீண் உழைப்பைக் குறைக்க அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் என்ற அம்மையார் 1960களில் 'மார்க்' என்ற கணினி முறையை வகுத்தார். அமெரிக்க நூலகச் சங்கம் 1966இல் இயந்திர வேலைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை; ஆனால் இரண்டும் சந்திக்கவேண்டிய நாள் வந்தது.

1978இல் நம் பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் சேர்ந்து 'மல்மார்க்' என்ற கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. ஓர் இடத்தில் பதிந்தால் எல்லோருக்கும் பயன்படும். நல்ல ஏற்பாடு. ஆனால் அக்காலக் கணினிக்குத் தெரிந்தவை ரோமன் எழுத்துகளே. தமிழ் நூலின் பெயரையும் ரோமனில் பதிவதே உலக நூலகங்களின் வழக்கமாயிற்று. ல என்றால் வெறும் 'எல்'. ள என்றால் 'எல்'லுக்குக் கீழே புள்ளி. ழ என்றால் கீழே கோடு. புள்ளியும் கோடும் விட்டுப்போனால் கலையும், காட்டில் நாம் பிடுங்கும் களையும், மூங்கிலாகிய கழையும் ஒன்றாகிவிடும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திப் பால்வாளி தூக்கியவர் இந்தப் பட்டியலில் எதைக் கண்டுபிடிப்பார்? வெள்ளி கொடுத்தவருக்கே வாசல் தெரியாமல் போயிற்று.

நூலகர்கள் மீது பழி சொல்வதற்கில்லை. பழைய கணினியில் எழுத்துகளுக்கு 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். நமக்கோ 247 எழுத்துகள். ஆகவே ஆளுக்கொரு விதமாக எழுத்தை அமைத்தார்கள். ஒருவர் கணினியில் தமிழாக இருப்பது மற்றவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கித் தமிழைத் திரையில் எழுத வழி செய்தார். உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே ஒழுங்கைத் தரும் யூனிகோடில் 1991இல் தமிழும் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டில் 'உத்தமம்' என்ற தமிழ்க் கணினி மன்றம் சிங்கப்பூரில் தோன்றியது. மறு ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. கலை என்று தட்டினால் கலையே வரும் காலம் அப்படித்தான் பிறந்தது.

எனினும் ரோமனில் ஏறிய பழைய பதிவு தானாகத் தமிழாவதில்லை. ஒருவர் அந்த நூலைத் திரும்ப எடுத்து, அட்டையைப் பார்த்து, பெயரைத் தமிழில் பதிந்தாகவேண்டும். அதுவரை, நூலகத்துக்குப் போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியனுப்புங்கள்: முதலில் தமிழில் தேடட்டும். கிடைக்காவிட்டால் ரோமனில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே 'எல்' போட்டுத் தேடட்டும். அதிலும் இல்லையென்றால் நூலகரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.