காத்திருந்த வெற்றியாளர்கள்

டென்னிஸ் மன்றங்களில் 'ஏணி' என்றொரு நட்புப் போட்டி உண்டு. பெயர்கள் மேலிருந்து கீழாகப் பலகையில் நிற்கும். கீழே உள்ளவர் ஓரிரு படி மேலே உள்ளவரை அறைகூவலாம். வென்றால் இடம் மாறும். தவணைக்குள் ஆட வராதவர் தம் இடத்தை இழப்பார் என்பது பல மன்றங்களின் விதி.

விம்பிள்டனிலோ மேற்படியில் இருந்தவருக்குத் தனிச்சலுகை இருந்தது. 1878 முதல் 1921 வரை ஆடவர் ஒற்றையரில் முந்தைய ஆண்டு வென்றவர் வாளாவிருப்பார்; ஏனையோர் தமக்குள் பொருதி, எஞ்சிய ஒருவரே அவரை எதிர்கொள்வார். அவ்வாறு முதலில் காத்திருந்த ஸ்பென்சர் கோரை வீழ்த்தியவர் ஃபிராங்க் ஹாடோ. இலங்கையில் காபித் தோட்டம் நடத்தியவர். விடுப்பில் தாயகம் வந்திருந்தார். (அந்நாளில் அத்தீவின் தோட்டங்களில் காபிப் பழம் பறித்தோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்தும் காட்டுவழி நடந்தும் சென்ற கூலிகள் என்பதை நாம் மறப்பதற்கில்லை.) வலையருகே பாய்ந்து வந்த கோரின் தலைக்கு மேலாகப் பந்தை உயர எழுப்பியே 7-5, 6-1, 9-7 என வென்றார் ஹாடோ. மறு ஆண்டு பட்டத்தைக் காக்க அவர் வரவில்லை. ஆட்டமின்றியே அது ஜான் ஹார்ட்லியைச் சேர்ந்தது.

வில்லியம் ரென்ஷா 1881 முதல் 1886 வரை தொடர்ந்து ஆறு பட்டங்கள் பெற்றார். அவற்றுள் பின்னைய ஐந்துக்கும் ஆண்டுக்கு ஓர் ஆட்டமே ஆடினார். 1922-இல் அம்முறை ஒழிந்தது. இன்று பட்டம் வெல்ல ஏழு ஆட்டங்கள் வேண்டும்; இரண்டையும் ஒரே தராசில் இட நமக்கு மனம் ஒப்பவில்லை.