சிங்கப்பூர் மீதான பி-29 குண்டுவீச்சு (1944–45)

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூர்மீது அமெரிக்காவின் 20ஆம் குண்டுவீச்சுப் படை நடத்திய வான் தாக்குதல்கள். விமானங்கள் கிளம்பியது வங்காளத்துக் கரக்பூர் வட்டாரத் தளங்களிலிருந்து. குண்டுகள் விழுந்த துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் போருக்கு முன்பே குடியேறியிருந்தன. கடையநல்லூரார் பலர் ஊரில் நெசவாளர்கள். தறி சோறு போடாத காலத்தில் கப்பலேறியவர்கள், அங்கே கூலி வேலையும் சில்லறை வியாபாரமும் செய்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள்.

பி-29 ‘சூப்பர்ஃபோர்ட்ரஸ்’ விமானத்தில் 11 பேர். முன் அறையையும் பின் அறையையும் குண்டு அறைக்கு மேலே போகும் ஒரு குறுகிய குழாய் இணைத்தது. தவழ்ந்துதான் போக வேண்டும். அதன் நான்கு எஞ்சின்களும் வங்காள வெயிலில் சூடேறித் தீப்பிடிக்கும். எதிரியின் பீரங்கியைவிடச் சொந்த எஞ்சினுக்கே குழுவினர் அதிகம் பயந்தார்கள் என்றால் மிகையில்லை. ஜப்பானைத் தாக்கச் சீனா வழியே போக வேண்டும். அதற்கான பெட்ரோலையும் இமயத்தைத் தாண்டிச் சுமக்க வேண்டும். சிங்கப்பூருக்கு அந்தத் தொல்லையில்லை. போக வர சுமார் 6,000 கிலோமீட்டர் ஒரே மூச்சில் பறந்தார்கள்.

இதற்கு ஒத்திகைபோல அமைந்தது ஈழத்துத் திருகோணமலைப் பயணம். 1944 ஆகஸ்ட் 10 அன்று அங்குள்ள சீனன்குடா விமானத் தளத்திலிருந்து 54 விமானங்கள் சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கிப் புறப்பட்டன. 39 மட்டுமே இலக்கை எட்டின. ஒன்று திரும்பும்போது எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது.

சிங்கப்பூர்மீதான முதல் தாக்குதல் 1944 நவம்பர் 5இல் நடந்தது. 76 விமானங்கள் கிளம்பி 53 வந்து சேர்ந்தன. கடற்படைத் தளத்திலிருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை மூன்று மாதம் முடங்கியது. 1945 பிப்ரவரி 1இல் அங்கிருந்த பெரிய மிதவைத் துறை மூழ்கடிக்கப்பட்டது.

அதன் பிறகுதான் திருப்பம். நகரை மீட்டதும் கடற்படைத் தளம் தமக்கு வேண்டும் என்பதால் அதைத் தாக்கக் கூடாது என்று, கண்டியில் தலைமையகம் வைத்திருந்த தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தடுத்தார். அடுத்த இலக்காக வணிகத் துறைமுகத்தின் எம்பயர் டாக் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிப்ரவரி 24இல் 105 விமானங்கள் அங்கே தீக்குண்டுகளைக் கொட்டின. கிடங்குப் பகுதியில் கணிசமான பங்கு எரிந்தது. புகை மறைத்ததால் பின்னால் வந்தவர்கள் குறி தெரியாமல் போட்டார்கள். தளத்தைக் காப்பாற்றிய உத்தரவு, தஞ்சோங் பகார் குடியிருப்புகளைத் தீயின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

சுட்டு வீழ்த்தப்பட்ட விமானக் குழுவினரில் சிலரை மலாயா கெரில்லாக்கள் காப்பாற்றினர். ஜப்பானியரிடம் சிக்கிய சிலர் கொல்லப்பட்டனர். மார்ச் இறுதியில் கடைசித் தாக்குதலை முடித்துவிட்டுப் படையின் விமானப் பிரிவுகள் மரியானாத் தீவுகளுக்கு மாறின.

ஜப்பானியர் ஆட்சிக் காலம் முழுவதும் தஞ்சோங் பகார்க் குடும்பங்கள் ஊருக்குக் கடிதமும் பணமும் அனுப்பும் வழி அடைபட்டிருந்தது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அது 1982 வரை நடந்தது.