சாமுராய்கள் பிளாக் பெல்ட் கட்டினார்களா? ஜப்பானின் பழைய போர்க்கலைப் பள்ளிகள் ஜூடோவாக மாறியது எப்படி?

கராத்தே கிளாஸுக்குப் போகும் பிள்ளை, "எல்லோ பெல்ட் வாங்கிட்டேன்" என்று வீட்டுக்கு ஓடி வருவதைப் பார்த்திருப்போம். இந்த பெல்ட் சாமுராய் காலத்துப் பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சாமுராய் காலத்தில் பிளாக் பெல்ட்டே கிடையாது. அது 1880-களில் டோக்கியோவில் ஓர் இளம் ஆசிரியர் தொடங்கிய பயிற்சிக் கூடத்தில் பிறந்தது.

அதற்கு முன்பு என்ன இருந்தது?

'ரியூ' என்ற பள்ளிகள் இருந்தன. ஜப்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்கு நீரோட்டம் என்று பொருள். வித்தை ஆசானிடமிருந்து சீடனுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கணக்கு. 1868-க்கு முன்பு தோன்றிய பள்ளிகளை இன்று 'கோரியு', அதாவது பழைய பள்ளி என்கிறார்கள்.

இங்கே போட்டி, பாயிண்ட் எதுவும் இல்லை. இருவர் சேர்ந்து செய்யும் 'காத்தா' என்ற பயிற்சி வரிசைதான் பாடம். வாள் பள்ளிகள் பலவற்றில் அடி வாங்கும் பக்கம் நிற்பவர் மூத்தவர்தான்! சீடன் ஜெயித்து ஜெயித்துக் கற்றுக்கொள்வான். எல்லாம் கற்றுத் தேறியவருக்கு பெல்ட் அல்ல, சான்றுச் சுருள் கொடுப்பார்கள்.

சிபா மாகாணத்தின் கத்தோரி ஷிண்டோ ரியூ 15-ம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளி. வாள், ஈட்டி, கம்பு எல்லாம் இங்கே பாடம். சேருபவர்கள் ரகசியம் காப்பதாக எழுதிக் கொடுத்து, விரலைக் கீறி ரத்தத்தால் முத்திரை வைப்பது இந்தப் பள்ளியின் மரபு.

எங்கே உடைந்தது?

1868-ல் ஆட்சி மாறியது. 1876-ல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. சாமுராய் என்ற வர்க்கமே கலைந்துபோக, ஆசான்களுக்குப் பிழைப்பு போனது. சகாகிபாரா கென்கிச்சி என்ற பெரிய வாள்வீரர், தடைக்கு முன்பே 1873-ல் டோக்கியோவில் டிக்கெட் போட்டு வாள் சண்டை காட்சி நடத்தினார். கேவலம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் பல வாள்வீரர்களுக்கு அன்று சோறு போட்டது அந்தக் காட்சிகள்தான்.

ஜூடோ வந்த கதை

வெறுங்கையால் சண்டையிடும் 'ஜூஜுட்சு' நிலைமையும் இதேதான். 1860-ல் பிறந்த கானோ ஜிகோரோ, உடல் மெலிந்த கல்லூரி மாணவர். ஜூஜுட்சு கற்க ஆசைப்பட்டு ஆசானைத் தேடியபோது, அவர் போய் விசாரித்தது எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களிடம். வித்தை தெரிந்த பலர் அந்தத் தொழிலில்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக ஆசான் கிடைத்தார். ஆனால் 1879-ல் அவரும், 1881-ல் அடுத்த ஆசானும் இறந்துவிட்டார்கள். ஓர் ஆள் போனால் ஒரு வித்தையே போய்விடும் என்ற நிலை.

1882-ல் ஒரு கோயிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் கானோ 'கோடோகன்' கூடத்தைத் தொடங்கினார். இரண்டு பழைய பள்ளிகளின் வித்தையைச் சேர்த்தார். ஆபத்தான அடிகளைக் காத்தாவுக்குள் ஒதுக்கி, தூக்கி எறிவதையும் பிடியையும் முழு பலத்தோடு பழகலாம் என்று ஆக்கினார். மாணவன் சலிக்காமல் இருக்க 'டான்' என்ற தரவரிசையும் வைத்தார். கறுப்பு பெல்ட் அதன் அடையாளமாக வந்தது. ஒகினாவா தீவிலிருந்து 1922-ல் டோக்கியோவுக்கு கராத்தேயைக் கொண்டுவந்த ஃபுனகோஷி கிச்சின், இந்தத் தரவரிசையையும் வெள்ளை உடையையும் ஜூடோவிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். நம்ம ஊர் பிள்ளை பெல்ட் வாங்குவது அந்த வழியில்தான்.

டைட்டோ ரியூவிலிருந்து உயேஷிபா மோரிஹேய் உருவாக்கியது ஐகிடோ. கோடோகனில் பயின்ற மயேதா மிட்சுயோ பிரேசிலுக்குப் போய்க் கற்றுக்கொடுத்ததுதான் இன்றைய பிரேசிலியன் ஜியூ-ஜிட்சுவின் வேர்.

லாபமா, நஷ்டமா?

இரண்டும்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ இடம்பிடித்தது. ஆனால் போட்டி என்று வந்ததும், பாயிண்ட் தராத வித்தைகள் மெல்ல ஓரங்கட்டப்பட்டன. கவசம் அணிந்தவரை வீழ்த்தும் பழைய முறையை கானோ தனிக் காத்தாவாகவே காப்பாற்றி வைத்தார். பதக்கத்துக்குப் பயிற்சி எடுப்பவருக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை.

மாற மறுத்த பள்ளிகளில் பல, வாரிசு இல்லாமல் அழிந்துவிட்டன. மிச்சமிருப்பவை சிறிய குழுக்களாக ஓடுகின்றன. 1964-ல் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய அதே நிப்பான் புடோகன் அரங்கில், பல பழைய பள்ளிகள் ஒன்றுகூடித் தங்கள் காத்தாக்களைச் செய்து காட்டும் விழா நடக்கிறது. அதில் நடுவர் இல்லை, ஸ்கோர் போர்டும் இல்லை.