சாட்சி சொல்லும் ஏட்டுச் சொல்லும்

வன்னியில் வழக்காடச் செல்வதைக் "கோட்டுக்குப் போதல்" என்பர். அங்கே சாட்சி வாயாற் கூறுவது ஒன்று. வழக்கேட்டில் ஏறுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சட்டம் எவ்வாறு ஆண்டது என்பதே இன்றைய பேச்சு.

ஒல்லாந்தர் இதில் ஓரளவு எச்சரிக்கையுடையோர் எனலாம். 1707-இல் கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தம் மொழியில் எழுதி முடித்தபின், அது தமிழிற் பெயர்க்கப்பட்டு, 12 முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது.

ஆங்கிலேயரோ 1833-ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தால் நீதிமன்ற நடவடிக்கைகளை ஆங்கிலத்துக்கு உரியனவாக்கினர். சாட்சிக்கும் நீதிபதிக்கும் நடுவே மொழிபெயர்ப்பு முதலியார் வந்து நின்றார். 1889-ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, 169-ஆம் பிரிவில், சாட்சியத்தை நீதிபதி தாமே எழுதவேண்டும், அன்றேல் தம் செவிகேட்கத் தம் மேற்பார்வையில் எழுதுவிக்கவேண்டும், முடிவிற் கையொப்பமிடவேண்டும் என்றது. நல்ல விதியே. ஆயினும் சாதாரணமாக அதனை வினாவிடையாக அன்றித் தொடர்ந்த கூற்றாகவே எழுதுக என்றும் விதித்தது. குறித்த வினாவையும் விடையையும் அப்படியே எழுதுவது நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

"நீர் அன்றிரவு குளக்கட்டில் நிற்கவில்லைத்தானே?" என்று அப்புக்காத்து கேட்கிறார் என்று கொள்வோம். கமக்காரர் "ஓம் ஐயா" என்கிறார். தமிழில் அதற்கு "நிற்கவில்லை" என்பதே பொருள். அந்த "ஓம்" ஆங்கிலத்தில் "யெஸ்" ஆயின், நின்றதாகவும் கொள்ளலாம். "நான் குளக்கட்டில் நின்றேன்" என்று ஏட்டில் ஏறிவிட்டால், திருத்துவதற்கு வினா அங்கே இல்லை. மேன்முறையீட்டு நீதிபதி ஏட்டையே காண்பார், கமக்காரரைக் காணார். சொற்களின் கதையும் இதுவே. குளத்தை "டாங்க்" என்று எழுதியதால் எவர் காணியும் பறிபோகவில்லை. வாரத்தையும் குத்தகையையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கினாலோ, உழுதவனின் உரிமையே மாறிவிடும்.

1961-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் ஆங்கிலத்தின் இடத்திற் சிங்களத்தை வைக்க வழிசெய்தது. வன்னிக் கமக்காரருக்கு இடைவழி குறையவில்லை. மொழி மாத்திரமே மாறிற்று. 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், 1988-இல் நிறைவேறிய 16-ஆவது திருத்தமுமே தமிழ் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளில் வழக்கேட்டைத் தமிழில் எழுத வகைசெய்தன. மொழி அறியாத கட்சிக்காரர் அரசின் செலவில் உரைபெயர்ப்புப் பெறவும் உரித்துடையர். எனினும், மேன்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், ஏடு அம்மொழியிலும் ஆக்கப்படவேண்டும் என்பது 24-ஆம் உறுப்புரை. வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ தமிழிற் பதிந்த "ஓம்" கொழும்புக்குச் செல்லும்போது மீண்டும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கையைக் கடந்தே செல்லவேண்டும்.