எலியின் குருதியில் தெரிந்தது: நித்தியகல்யாணி புற்றுநோய் மருந்தான வரலாறு

திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலின் தலமரம் மூங்கில். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் என்பதால், ஊரின் பழமையை ஏழாம் நூற்றாண்டு வரை தயக்கமின்றிக் கொண்டுபோகலாம். அதே திருவள்ளூர் வட்டாரத்து வேலியோரங்களிலும் இடுகாடுகளிலும் ஆண்டு முழுதும் பூக்கும் நித்தியகல்யாணிக்கு அந்தப் பழமை கிடையாது. அதன் தாயகம் மடகாஸ்கர். லின்னேயஸ் அதற்கு ‘வின்கா ரோசியா’ என்று பெயரிட்டது 1759இல். சோழமண்டலக் கரைக்கு அது எந்த ஆண்டில் வந்தது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஐரோப்பியக் கப்பல் போக்குவரத்துக்கு முன்பு வந்தது என்று கொள்ளச் சான்று இல்லை.

ஆகவே, பழஞ்சித்தர்கள் புற்றுநோய்க்குச் சொன்ன மூலிகையை மேலைநாட்டார் எடுத்துக்கொண்டார்கள் என்று ஊர்தோறும் சொல்லப்படும் கதை காலக்கணக்கிலேயே நிற்காது. அதை மறுக்க நீண்ட வாதம் வேண்டியதில்லை. அதற்கு நேரெதிரான இன்னொரு விளக்கம்தான் கவனமாக மறுக்கப்பட வேண்டியது. அதைச் சொன்னவர் இந்தச் செடியில் புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்தவரே: கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் நோபிள். 1958இல் சார்லஸ் பீர், கட்ஸ் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, இது தற்செயலாகக் கண்ணில் பட்டதன் விளைவு என்று அவர் அறிவித்துவிட்டார். பின்வந்த மருத்துவ வரலாற்று நூல்கள் பலவும் அதையே வழிமொழிந்தன.

நோபிள் தரும் நிகழ்ச்சி வரிசை இது. 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் இருபத்தைந்து இலைகளை உறையில் இட்டு, ராபர்ட்டின் அண்ணன் கிளார்க் நோபிளுக்கு அனுப்பினார். இன்சுலின் கிடைக்காதபோது அங்குள்ள மக்கள் அந்த இலையைக் கஷாயமாக்கிக் குடித்து நீரிழிவைச் சமாளித்தார்கள் என்பது அவர் சொன்ன சேதி. இலைகள் தம்பியின் ஆய்வகத்துக்குப் போயின. சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் உடலெங்கும் சீழ்க்கட்டிகளுடன் மடிந்தன. காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. வெள்ளணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்ததால் எலிகளால் அந்தத் தொற்றை எதிர்க்க முடியவில்லை. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருளைத் தேடிப் பிரித்தபோது கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து.

இந்த வரிசையில் வாய்வழியிலிருந்து ஊசிக்கு மாறிய அந்த ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். கஷாயமாகக் குடித்தவர்களுக்குத் தெரியாத ஒரு வேலையை, ஊசியில் ஏறிய அதே சாறு செய்தது. மரபு சொன்ன பயனை ஆய்வகம் மெய்ப்பிக்கவில்லை. மரபு கைகாட்டிய செடியில், மரபு சொல்லாத பயனைக் கண்டது. இதுவரை நோபிளுடன் உடன்படலாம். ஆனால், செத்த எலிகளைத் தோற்ற சோதனை என்று ஒதுக்காமல் அவற்றின் குருதியை எண்ணிப் பார்த்ததைத் தற்செயல் என்பது பொருந்தாது. நாளமில்லாச் சுரப்பி ஆய்வில் பயின்ற நோபிளுக்கு, மருந்து ஒன்றைக் கொடுத்தால் உடல் முழுவதையும் பார்க்கும் பழக்கம் இருந்தது.

இன்னும் வலுவான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. இன்டியானாபொலிஸ் நகரின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடா அதே செடியைத் தனியாகச் சோதனைக்கு எடுத்திருந்தார். பிலிப்பைன்ஸில் அது இன்சுலினுக்கு மாற்றாகப் பயன்பட்ட செய்தியே அவரைத் தூண்டியது. பி-1534 என்ற இரத்தப் புற்று ஏற்றப்பட்ட சுண்டெலிகள் அந்தச் சாற்றால் கூடுதல் நாள் வாழ்ந்தன. ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆய்வகங்கள், இரண்டு தீவு நாடுகளின் வழக்கிலிருந்து தொடங்கி, ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அதை வெறும் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

கசப்பும் வீரியமும் மிக்க செடிகளையே மக்கள் மருந்துக்குத் தேர்ந்தார்கள், அந்தத் தேர்வுதான் ஆய்வகத்தின் பாதி வேலையை முடித்துவைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்று மெலிது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர இனங்களிலிருந்து 1,14,000 சாறுகளைச் சோதித்தது. பேர் சொல்லும்படி தேறியவை டாக்சால், கேம்ப்டோதெசின் போன்ற சிலவே. நித்தியகல்யாணி ஒன்றே வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என இரண்டைத் தந்தது. ஒரு செடியை வைத்து விகிதம் கணக்கிட முடியாதுதான். ஆனாலும், மக்கள் வழக்கைத் தற்செயல் என்ற தலைப்புக்குள் கரைத்துவிட இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

வின்கிறிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது. உயிரணு பிரியும்போது உருவாகும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுத்து, பிரிவதைப் பாதியில் நிறுத்துவது அதன் வேலை. வின்பிளாஸ்டினின் வேலையும் இதுவே; எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்ததற்கும் இதுவே காரணம். ஒரு டன் உலர்ந்த இலையில் சில கிராம் மட்டுமே தேறும் மருந்து வின்கிறிஸ்டின். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் வி. சாந்தா பங்கேற்ற, குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கான எம்.சி.பி. 841 சிகிச்சை முறையிலும் அதற்கு இடமிருந்தது. மும்பை, டெல்லி மருத்துவமனைகளும் சேர்ந்து பின்பற்றிய அம்முறையின் இருபதாண்டு அனுபவம் 2005இல் வெளியானது.

இன்று தமிழகக் கல்லூரி ஆய்வகங்களில் சேராங்கொட்டை முதல் நிலவேம்பு வரை மூலிகைச் சாறுகள் ஹீலா, எம்.சி.எஃப்-7 என்னும் புற்று உயிரணுக்கள்மேல் சொட்டப்படுகின்றன. பாதி உயிரணுக்களை அழிக்க எத்தனை மைக்ரோகிராம் தேவைப்பட்டது என்பதைப் பொறுத்தே அந்த முடிவுக்கு மதிப்பு. கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு 20-30 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால்தான் மேற்கொண்டு ஆராயத் தக்கது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். நல்ல உயிரணுவையும் சேர்த்துக் கொல்கிறதா என்பதை அருகிலேயே வைத்துப் பார்க்காத சோதனை, நஞ்சையும் மருந்தையும் பிரித்துக் காட்டாது. நித்தியகல்யாணி இலையை வீட்டில் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து என்பதும் இதனால்தான். அதன் ஆல்கலாய்டுகள் அளவு தவறினால் நரம்பையும் மஜ்ஜையையும் தாக்கும். மருத்துவமனையில்கூட வின்கிறிஸ்டின் இரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஏற்றப்படுகிறது. தண்டுவட நீரில் செலுத்தினால் உயிர் போகும்.

இனிச் செய்ய வேண்டிய வேலை ஆவணப்படுத்துவது. ஒரு மூலிகையை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்பவர், அதை மக்கள் எந்த நோய்க்கு, எந்தப் பாகத்தை, எவ்வடிவில், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சோதனை முடிவுடன் சேர்த்து அச்சிட வேண்டும். நித்தியகல்யாணியில் மரபு எங்கே நின்றது, ஆய்வகம் எங்கே தொடங்கியது என்று இன்று பிரித்துச் சொல்ல முடிவது, தோற்றுப்போன வாய்வழிச் சோதனையையும் நோபிள் குழு எழுதிவைத்ததால்தான்.